மசிலா கிழித்த கோடு

சுருளிலிருந்து காகிதம் கிழிக்கும்போது மசிலா அதைப் பார்ப்பதில்லை. அளவு அவன் விரலுக்கே தெரியும். கிழித்ததை இரண்டாக மடித்து வலது கையில் எடுப்பான். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு, பெரியவர்களுக்கு ஒரு பொருளைக் கொடுக்கும் முறையில் நீட்டுவான். வாங்குகிறவர் முகத்தையும் பார்க்க மாட்டான். எதிர்ச் சுவரில், ஆட்களின் தலைக்கு மேலே, பழைய சுவரொட்டி ஒன்றை உரித்த தழும்பு இருக்கிறது. அவன் பார்வை அங்கேதான் நிற்கும். உள்ளே போகிறவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கலாம், ஆடு விற்க வந்தவராக இருக்கலாம், நேற்று அவனைத் திட்டிவிட்டுப் போனவராகவும் இருக்கலாம். மசிலா அவரைப் பார்க்கவில்லை. மாலையில் தெருவில் எதிர்ப்பட்டால் அன்றைக்கு அப்போதுதான் முதலில் சந்திப்பதுபோல நலம் விசாரிப்பான்.

“உள்ள போறப்ப எல்லாரும் அவசரக்காரங்க. வெளிய வர்றப்ப எல்லாரும் பெரிய மனுஷங்க. நடுவுல இருக்கறத நான் பாக்கக் கூடாது,” என்பான்.

மச்சாகோஸ் சந்தையின் பின்வாசலில் இருக்கும் கட்டணக் கழிப்பறை அவன் பொறுப்பு. எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள். நான் மூத்தவள், அவன் கடைசி. தம்பி என்ன செய்கிறான் என்று தேவாலயத்தில் யாராவது கேட்டால், “சந்தைக் கழிப்பறையைப் பார்த்துக்கொள்கிறான்” என்று முழு வாக்கியமாகச் சொல்வேன். “சந்தையில் இருக்கிறான்” என்று பாதியில் நிறுத்திக்கொள்ளும் பழக்கம் எங்கள் உடன்பிறப்புகளில் சிலருக்கு உண்டு. எனக்கு இல்லை. அந்தக் கழிப்பறையின் தரையில் என் தையல் துணியை விரித்து வெட்டலாம். தண்ணீர் இல்லாத ஊரில் அப்படி ஒரு தரை வைத்திருப்பது சின்ன விஷயம் இல்லை. குழாய் வராத நாட்களில் அவன் கைவண்டியில் கேன்களை அடுக்கிக்கொண்டு ஆற்றுப் பாலம் வரை போய் வருவான்.

அவன் போடும் வெள்ளை மேலங்கி நான் தைத்தது. கெட்டியான பருத்தித் துணி, முழங்கால் வரை நீளம், இரண்டு பக்கமும் ஆழமான பை. மாற்றிப் போட இரண்டு தைத்துக் கொடுத்திருக்கிறேன். அதைப் பார்த்துப் பேருந்து நடத்துநர்கள் அவனை டாக்டர் என்று கூப்பிடுகிறார்கள். கேலிதான். அவனுக்கும் தெரியும்.

“டாக்டர், ரொம்ப முடியல.”

“மூணாவது கதவு. படுத்துக்க வேணாம், உக்காந்தாப் போதும்.”

அவன் இடத்தில் இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது ஆணிச் சட்டம். கதவுக்கு வெளியே பலகையில் வரிசையாக ஆணி அடித்திருக்கிறான். உள்ளே போகிறவர்கள் கையில் உள்ளதை அவனிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். கூடை, குடை, உயிரோடு இருக்கும் கோழி, ஒரு முறை கல்யாண உடுப்பு. அவனிடம் கொடுத்தது கொடுத்த கைக்கே திரும்பி வரும். ஒரு மாம்பழம்கூடக் குறைந்ததில்லை.

இரண்டாவது கோட்டுச் சட்டம். இதனால்தான் அவனுக்கும் மும்புவாவுக்கும் பகை வந்தது. மும்புவா மந்தாசி பொரிப்பவள். முக்கோணமாக வெட்டி எண்ணெயில் போட்டதும் பலூன்போல உப்பி வருமே, அதைத் தேநீருடன் விற்கிறாள். எங்கே கூட்டம் நிற்கிறதோ அங்கே அடுப்பை வைப்பது வியாபாரம். சந்தையில் எப்போதும் ஆள் நிற்கும் இடம் மசிலாவின் கதவு. அவள் அடுப்பை அங்கே கொண்டுவந்து வைத்த அன்றே, மசிலா சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஒரு கோடு கிழித்தான். அவள் அடுப்பிலிருந்து நல்ல தூரம் தள்ளி, அவளுக்கும் பின்னால்.

“இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வாய். இந்தப் பக்கம் மத்தது,” என்றான். “ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கக் கூடாது.”

“உன் உடம்புல ரெண்டும் எவ்வளவு தூரத்துல இருக்கு, டாக்டர்?” என்றாள் மும்புவா.

சந்தை முழுவதும் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவள் அடுப்பைத் தூக்கிக் கோட்டுக்கு அப்பால் வைத்தான், எண்ணெய் ஒரு சொட்டு சிந்தாமல். அன்றிலிருந்து மழை அழிக்கும்போதெல்லாம் கோட்டை மறுபடி கிழிக்கிறான். மும்புவா அதைத் தாண்டவில்லை. மன்னிக்கவும் இல்லை.

முயல் அவனிடம் வந்தது ஆணிச் சட்டத்தின் வழியாக. சென்ற மாம்பழக் காலத்தில் கித்துயி ஊருக்குப் போகிற ஒருவர், துளை போட்ட அட்டைப் பெட்டி ஒன்றை அவன் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினார். வெளியே வரும்போது அவருடைய பேருந்து ஒலி எழுப்பிக் கிளம்பிக்கொண்டிருந்தது. பெட்டியை மறந்துவிட்டு அதே ஓட்டத்தில் ஏறிவிட்டார். மசிலா பெட்டியோடு பெட்ரோல் நிலையம் வரை துரத்திக்கொண்டு ஓடினான். பேருந்து நிற்கவில்லை. பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு பெண் முயல், இடது காதின் விளிம்பில் பழைய கிழிசலோடு, அவனைப் பார்த்து மூக்கை ஆட்டிக்கொண்டிருந்தது.

அதற்கு அவன் பெயர் வைக்கவில்லை. பெயர் வைப்பது உடையவர் வேலை என்றான். ‘விருந்தாளி’ என்று மட்டும் கூப்பிடுகிறான். கித்துயி பேருந்து வரும் நேரம் கதவை விட்டு இரண்டடி முன்னே வந்து நிற்பான். இறங்குகிறவர்களை அப்போது மட்டும் முகம் பார்ப்பான். இன்றும் பார்க்கிறான்.

“அந்த ஆள் இனிமே வர மாட்டான். முயல் உன்னோடது, வெங்காயமும் தக்காளியும் என்னோடது. ஞாயித்துக்கெழமை வெச்சுக்கலாமா?” என்று மும்புவா கேட்டாள்.

“ஆணியில மாட்டின பைய நான் என்னிக்காவது பிரிச்சுத் தின்னிருக்கேனா?”

“பை புல்லு திங்குமா? பை உன் கட்டில்ல மூத்திரம் போகுமா?”

போகும் என்பதுதான் சங்கடம். அதைச் சொல்ல வேண்டும்.

தேவாலயத்துக்குப் பின்னால், வரிசையாக ஆறு அறைகள் கொண்ட வளாகத்தில் மசிலா வாடகைக்கு இருக்கிறான். அறைக்கும் அறைக்கும் நடுவே பலகைத் தடுப்பு. பலகை தரையைத் தொடாது, இரண்டு விரல் இடைவெளி இருக்கும். தடுப்புக்கு அந்தப் பக்கம் யார் என்றால், அவன் விதியைப் பாருங்கள், மும்புவா. வெளியே கூண்டு வைக்க இடம் இல்லை, தெருநாய்கள் இருக்கின்றன. இடம் இருந்தாலும் அவன் வைக்க மாட்டான். “ஒப்படைச்ச சாமான் கண்ணு முன்னால இருக்கணும், அக்கா” என்பான். ஆகவே விருந்தாளி அறைக்குள் சுதந்திரமாக உலவினாள். போன இடமெல்லாம் புழுக்கை. கட்டிலடியில் புழுக்கை, செருப்புக்குள் புழுக்கை, நான் பின்னிக் கொடுத்த நாற்காலி விரிப்பின் நட்ட நடுவில், மாலையில் கோத்த மணிகள்போல வட்டமாகப் புழுக்கை.

புழுக்கையையாவது பெருக்கிவிடலாம். சிறுநீர் வெள்ளைக் கறையாகக் காய்ந்து சிமெண்டைப் பிடித்துக்கொள்கிறது. அந்த நெடி மூக்குக்குள் ஊசியாக ஏறுகிறது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் எலுமிச்சைச் சாறு ஊற்றித் தேய்ப்பேன்.

ஊரையே வரிசையில் நிற்கவைத்துச் சரியான கதவுக்கு அனுப்புகிறவன் மசிலா. ஒரு முயலை அனுப்ப முடியாதா? முடியும் என்றுதான் இறங்கினான். பழைய நீலத் தொட்டி ஒன்றை எடுத்து, விருந்தாளி கால் வைத்து ஏற வசதியாக ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டினான். வெட்டிய விளிம்பு குத்தாமல் இருக்க நெருப்பில் காட்டி மழுக்கினான். தன் வேலையிடத்துக் காகிதத்தை மெல்லிய நாடாக்களாகக் கிழித்து உள்ளே நிரப்பினான். தொட்டியைக் கதவருகே காற்று வரும் இடத்தில் வைத்தான். காய்ந்த புல்லை எதிர் மூலையில், தடுப்பை ஒட்டி வைத்தான். பிறகு பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்து, இரண்டுக்கும் நடுவே அறையின் குறுக்காக ஒரு கோடு கிழித்தான்.

விருந்தாளி கோட்டை மோந்து பார்த்தாள். அதன்மேல் உட்கார்ந்து மீசையைக் கழுவிக்கொண்டாள். அப்புறம் தொட்டிக்குள் ஏறி, காகிதத்தைக் காலால் பரப்பி, சுகமாகப் படுத்துத் தூங்கினாள். எழுந்ததும் நேராகப் புல் மூலைக்குப் போய், மென்றுகொண்டே தரையில் சிறுநீர் கழித்தாள்.

“தூங்கற எடம்னு நெனச்சுக்கிட்டா,” என்றான் மசிலா. காகிதத்தை எடுத்துவிட்டு மரத்தூள் போட்டான். தும்மினாள். மரத்தூளை எடுத்துவிட்டு மணல் போட்டான். மணலைத் தோண்டி அறை முழுக்க வாரி இறைத்தாள். ஒவ்வொரு முறையும் தொட்டியைப் பினாயில் ஊற்றித் தேய்த்து, வெயிலில் காயவைத்து, புதிய பாத்திரம்போல் மின்னச் செய்தான். “சுத்தமா இருந்தா எல்லாரும் வருவாங்க. இது என் பன்னெண்டு வருஷ அனுபவம்” என்பது அவன் பதில். பினாயில் வாசனை பட்டதும் விருந்தாளி பின்னங்காலால் தரையை ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டுக் கட்டிலடிக்குப் போய்விடுவாள்.

ஒரு நாள் மத்தியானம் நான் பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். மசிலா மேலங்கியோடு என் கடைக்கு ஓடி வந்தான். கழிப்பறையை அடுத்த கடைக்காரரிடம் விட்டுவிட்டு வந்திருந்தான். அப்படி வேறொருவர் பொறுப்பில் அவன் விட்டு வந்தது அதற்கு முன்னால் நடந்ததில்லை. அங்கிக்குள் நெஞ்சோடு முயல்.

“அக்கா, ரத்தம். செவப்பா போறா.”

“எங்க அடிபட்டுது?”

“எங்கயும் அடிபடல. நான்தான் தொட்டிக்கு வா, தொட்டிக்கு வான்னு ரொம்ப வெரட்டிட்டேனோ என்னவோ. அந்த மனுஷன் வந்து கேட்டா என்ன சொல்வேன்?”

கால்நடை அலுவலகத்தில் இருந்தவர் முயலைத் திருப்பிப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், என்ன தின்றது என்று கேட்டார். முந்தின நாள் நான் கொடுத்தனுப்பிய சிவப்புத் தண்டுக்கீரை. அந்தச் சாயம்தான் அப்படியே வந்திருக்கிறது என்றார். மசிலா அவரிடம் தொட்டி விஷயத்தையும் கேட்டான். அவர் பேனாவை மூடிவிட்டு, “இத வீட்டுக்குள்ளயா வெச்சிருக்கீங்க?” என்றார். “நாங்க முயலுக்குக் கூண்டும் எடையும்தான் சொல்லித் தர்றோம்.”

வெளியே வந்ததும் மசிலா முயலின் கிழிந்த காதருகே குனிந்து, “கீரைக்குப் போயி என்னை ஓட விட்டுட்டியே, தாயி,” என்றான். அன்று முதல் நான் தண்டுக்கீரை வாங்குவதில்லை.

பகை பெரிதானது மாவினால். மும்புவா தன் கோதுமை மாவு மூட்டையைத் தடுப்பை ஒட்டி வைப்பது வழக்கம். புல் மூலையும் அதே தடுப்பு. இரண்டு விரல் இடைவெளி என்று சொன்னேன் அல்லவா? ஒரு விடியற்காலை அவள் மூட்டையை நகர்த்தியபோது அடிப்பாகம் ஈரமாக இருந்தது. மோந்து பார்த்தாள். அதற்குப் பிறகு வளாகத்தில் யாரும் தூங்கவில்லை.

“எல்லாரும் வெளிய வாங்க, வந்து பாருங்க. என் மந்தாசியத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சாரு தொரை. வாயும் மத்ததும் பக்கத்துல இருக்கக் கூடாதாம். இப்ப என் மாவுக்குள்ள வந்து இருந்துட்டுப் போயிருக்கு பாருங்க அவரு வீட்டு மகாராணி.”

மசிலா அறையை விட்டு வெளியே வந்தான். தலைகுனிந்து நிற்பான் என்று எதிர்பார்த்தார்கள். “மாவு நான் வாங்கித் தர்றேன். அது என் தப்பு, அவ தப்பு இல்ல,” என்றான் நிமிர்ந்தபடியே. காலையில் முழு மூட்டை ஒன்றைத் தோளில் சுமந்து வந்து அவள் வாசலில் வைத்தான்.

ஆனாலும் வழக்கு கவாத்தா அம்மாவிடம் போனது. வளாகம் அவருடையது. முன்பக்க அறையில் இருப்பவர். கவாத்தா அவருடைய மூத்த மகள்; அவள் பெயரைச் சொல்லித்தான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். கைத்தடியோடு வந்து வாசலில் நின்றார். மூக்கின்மேல் தோள்துணியின் நுனியை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார்.

“தம்பி, நீ நல்ல பையன். வாடக நேரத்துக்குக் குடுக்கற. ஆனா இது வீடா, பட்டியா?”

“வீடுதாங்கம்மா.”

“அப்ப ஒண்ணு சொல்றேன். வர்ற ஞாயித்துக்கெழமை கோயில் முடிஞ்சு நேரா இங்க வருவேன். உன் கையால ஒரு டீ குடுப்ப. நான் அத குடிச்சு முடிக்கறதுக்குள்ள அது தொட்டியில ஒண்ணுக்கு இருந்துச்சுன்னா இங்கயே இருக்கட்டும். தரையில இருந்துச்சுன்னா என் பானைக்கு. ஒண்ணுமே பண்ணலன்னாலும் பானைக்குத்தான். நான் ரெண்டாவது டீ குடிக்கறதில்ல.”

“பானை உங்களது, வீடும் உங்களது. முயல் மட்டும் வேற ஒருத்தரோடது. அத நான் குடுக்க முடியாது, அம்மா.”

“அப்ப நீயும் சேந்து கெளம்பு.”

“அதுவும் முடியாது,” என்றான். “நான் வாடகை குடுத்திருக்கேன்.”

மும்புவா சிரித்தாள். கவாத்தா அம்மா சிரிக்கவில்லை. அந்த வீதியில் அவரிடம் இரண்டு முறை தொடர்ந்து முடியாது என்று சொன்ன ஆள் யாரும் எனக்கு நினைவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. பெருமையும் அதற்குள்தான் இருந்தது.

நான் தையல்காரி. ஊசி எங்கே போகும் என்று துணியின் இழையைப் பார்த்தால் எனக்குத் தெரியும். அந்த வாரம் மாலைகளில் அவன் அறையில் உட்கார்ந்து முயலின் இழையைப் பார்த்தேன். மசிலா தடுப்பருகே இருந்த புல்லைப் பயந்துபோய்க் கட்டில் காலருகே மாற்றியிருந்தான். அவளும் கட்டில் காலருகே போனாள். மறுநாள் அடுப்பு மேடைக்குக் கீழே மாற்றினான். அவளும் அங்கே போனாள். புல்லை எங்கே வைத்தாலும், பின்புறத்தை மூலைக்குக் கொடுத்து முகத்தைப் புல்லுக்குள் விட்டு, ஒரு பக்கம் மென்றுகொண்டே மறுபக்கம் வேலையை முடித்தாள். மசிலா ஒவ்வொரு முறையும் புல்லிலிருந்து தொட்டியை இன்னும் தூரமாக நகர்த்திக்கொண்டிருந்தான். பழைய கோட்டை அழித்து அழித்துப் புதுக் கோடு கிழித்துக்கொண்டிருந்தான்.

“மசிலா, புல்லத் தொட்டிக்குள்ள போடு,” என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

“அக்கா, நீயுமா?”

“அவ திங்கற எடத்துலதான் போறா. நீதான் ரெண்டையும் பிரிச்சுப் பிரிச்சு வெக்கற.”

“சாப்பாட்டக் கொண்டுபோயி கக்கூஸுக்குள்ள போடச் சொல்றியா? ஒரு விருந்தாளிக்கு? யாராவது உனக்கு அப்படிச் சோறு வெச்சா நீ திம்பியா?”

“நான் முயல் இல்லையே.”

“பினாயிலும் ஊத்தக் கூடாதுன்னு சொல்லுவ போல இருக்கே.”

“ஊத்தாத. அவ வாசன கொஞ்சம் இருக்கட்டும். தரையில கெடக்கற புழுக்கைய எடுத்து உள்ள போட்டு வெய்யி. தன் எடம்னு தெரியணும்ல.”

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அவன் கோபம் என்மேல் இல்லை என்று எனக்குத் தெரியும். தடுப்புக்கு அந்தப் பக்கம் மும்புவா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பலகையின் இடைவெளி வழியாக அவள் குரல் வந்தது.

“போடு டாக்டர், புல்ல உள்ள போடு. போட்டேன்னா மறுநாளே என் அடுப்பு உன் கதவுக்கு வந்துரும். திங்கற எடமும் போற எடமும் ஒண்ணுன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்ல.”

அவனைக் கட்டிப்போட்டது அதுதான். புல்லை உள்ளே போட்டால் முயல் பிழைக்கும், இத்தனை வருஷமாகக் காத்த கோடு போகும். கோட்டைக் காத்தால் பானை காத்திருக்கிறது. வியாழன் போனது, வெள்ளி போனது. அவன் தொட்டியைத் தேய்ப்பதை மட்டும் நிறுத்தியிருந்தான். புல் அடுப்படியிலேயே கிடந்தது.

சனிக்கிழமை காலை நான் சந்தைக்குப் போனபோது கழிப்பறை வாசலில் கூட்டம். மசிலா முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் தூரிகை, பக்கத்தில் வெள்ளை வண்ண டப்பா. சுண்ணாம்புக் கோட்டின்மேல், ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, என் அளவுகோல் அகலத்துக்கு, மழையில் அழியாத வண்ணம் பூசிக்கொண்டிருந்தான். கோட்டுக்கு அப்பால் மும்புவா கரண்டியோடு நின்றாள். எண்ணெயில் மந்தாசி கருகிக்கொண்டிருந்தது.

“என்ன டாக்டர், ரோடு போடறீங்களா?”

“இன்னிக்கு சாயங்காலம் புல்லத் தொட்டிக்குள்ள போடப் போறேன்,” என்றான் அவன், தலையை நிமிர்த்தாமல், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி. “நீ வந்து ஏதாவது சொல்றதுக்கு முன்னால நானே சொல்லிடறேன். வீட்டுல அவ சட்டம். இங்க என் சட்டம். வண்ணம் காயற வரைக்கும் யாரும் மிதிக்காதீங்க.”

மும்புவா வாயைத் திறந்தாள். கருகல் வாசனை அதற்குள் அவளைத் திருப்பி இழுத்துக்கொண்டது.

அன்று மாலை அறையில் இருந்த கோட்டை அவன் ஈரத்துணியால் துடைத்தான். அடையாளம்கூட இல்லாமல் துடைத்தான். தொட்டிக்குள் சாக்குத் துண்டு விரித்து, அதன்மேல் பழைய செய்தித்தாள் போட்டான். அவளுடைய புழுக்கையில் ஒரு பிடி எடுத்து அவன் கையாலேயே மூலையில் வைத்தான். கடைசியாகப் புல். அதைப் போடும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் முகம் அப்படி இருந்ததால் சிரிக்கவில்லை. தொட்டியைத் தடுப்பை ஒட்டிய பழைய மூலையிலேயே வைத்தோம். மும்புவா மூட்டையை ஏற்கெனவே நகர்த்தியிருந்தாள். அன்றிரவு என்ன நடந்தது என்று நான் கேட்டதற்கு, “ரெண்டு தடவ உள்ள, ஒரு தடவ வெளிய,” என்றான். அது தீர்ப்புக்குப் போதுமான கணக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கவாத்தா அம்மா தேவாலயத்துக்குப் போட்ட நீல உடுப்போடு வந்து அந்த அறையின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பின்னிய விரிப்பைத் தூக்கிக் கீழே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். நானும் மசிலாவும் கட்டிலில். மும்புவா கைகளைக் கட்டிக்கொண்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். மசிலா வேலை நாள்போல் வெள்ளை மேலங்கி போட்டிருந்தான். பாலும் இஞ்சியும் போட்டுக் காய்ச்சிய தேநீரை வலது கையில் ஏந்தி, இடது கையால் முழங்கையைத் தாங்கி நீட்டினான்.

“சக்கர போதுமா, அம்மா?”

“போதும். அது எங்க?”

விருந்தாளி கட்டிலடியிலிருந்து வெளியே வந்து, அறையின் நடுவில் உட்கார்ந்து, இரண்டு முன்னங்கால்களாலும் கிழிந்த காதை இழுத்துக் கழுவ ஆரம்பித்தாள். நீண்ட நேரம் கழுவினாள். பிறகு மற்றக் காது. கவாத்தா அம்மா ஒரு மிடறு குடித்தார். விருந்தாளி அடுப்பு மேடைக்குப் போய், நேற்றுவரை புல் இருந்த இடத்தை மோந்தாள். அங்கேயே நின்றாள். மசிலாவின் விரல்கள் மேலங்கிப் பைக்குள் எதையோ கிழிப்பதுபோல் அசைந்தன.

“பாதி முடிஞ்சுது, தம்பி.”

“மெதுவா குடிங்கம்மா, சூடா இருக்கு.”

“ஆறிப் போச்சு.”

“வெங்காயம் உரிக்கட்டுமா?” என்றாள் மும்புவா.

“நீ உன் வாய மூடு. உள்ள ஆள் இருக்கறப்ப கதவுகிட்ட நின்னு பேசக் கூடாது,” என்றான் மசிலா.

“உள்ள யாரு இருக்கா?”

அப்போதுதான் விருந்தாளி திரும்பினாள். அவசரம் இல்லாமல் தடுப்பு மூலைக்குப் போனாள். தாழ்வாக வெட்டிய பக்கத்தில் முன்னங்கால் வைத்தாள், பின் முழு உடம்போடு ஏறினாள். ஒரு புல்லை உருவி மெல்லத் தொடங்கினாள். புல் நீளம் நீளமாக வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. மென்றபடியே பின்புறத்தை மூலைப்பக்கம் நகர்த்தினாள். வாலைச் சற்றுத் தூக்கினாள்.

கவாத்தா அம்மா நாற்காலியின் விளிம்புக்கு வந்தார். மும்புவா நிலைப்படியை விட்டு ஓரடி உள்ளே வைத்தாள். நானும் கழுத்தை நீட்டிவிட்டேன்.

மசிலா எழுந்தான். எங்களுக்கும் தொட்டிக்கும் நடுவே வந்து, முதுகை விருந்தாளிக்குக் காட்டி, மேலங்கியின் இரண்டு ஓரங்களையும் கைகளால் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“தள்ளு தம்பி, நான் பாக்கணும். என் டீ முடியப் போவுது.”

“முடிச்சு வரட்டும், அம்மா.”

“நான் பாக்கலன்னா கணக்கு இல்ல. தெரியுமில்ல?”

“தெரியும்.”

அவன் நகரவில்லை. அவன் பார்வை எங்கள் மூவரின் தலைக்கும் மேலே, எதிர்ச் சுவரில், ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில் நின்றது. அவனுக்குப் பின்னாலிருந்து, செய்தித்தாளின்மேல் மழை விழத் தொடங்குவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. புல் மெல்லும் சத்தம் அதோடு நிற்காமல் வந்தது. கவாத்தா அம்மா மிச்சத்தைக் குடிக்காமல் கோப்பைக்குள் குனிந்துகொண்டார். மும்புவா முகத்தைத் தெருப்பக்கம் திருப்பினாள். மசிலா திரும்பிப் பார்க்கவே இல்லை. மேலங்கியை இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்தான்.